பாதியில் நின்ற ஒட்டுப்போர்வையை முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பையைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு குண்டூசி. இரண்டு முக்கோணத் துண்டுகளைத் தைப்பதற்காகச் சேர்த்துக் குத்தியிருந்தேன். ஊசி முழுவதும் துருவேறியிருந்தது. உருவி எடுத்தபோது, அது இருந்த இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு துணியில் பதிந்து நின்றது. 2013-இல் எழுந்து போனவள், 2024-இல்தான் அந்த ஊசியிடம் திரும்பி வந்திருக்கிறேன்.

மகளின் சின்ன வயதுக் கவுன்களை வெட்டித் தொடங்கிய குவில்ட் அது, அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை. 12 அங்குல நட்சத்திரக் கட்டங்கள் முப்பது, அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஆறு, மொத்தம் 60-க்கு 72 அங்குலம் என்பது திட்டம். பையில் இருந்தவை முழுமையான கட்டங்கள் பத்தொன்பதும், பாதி தைத்த இருபதாவதும். இன்று அது முடிந்து, கட்டிலின் மேல் கிடக்கிறது. அதை முடித்த வழியை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நீண்ட நாள் கிடப்பில் போன தையல் வேலை பெரும்பாலும் நேரமில்லாததால் நிற்பதில்லை. ஏதோ ஒரு சிக்கல் தலைகாட்டிய இடத்தில்தான் நின்றிருக்கும். அந்தச் சிக்கல் என்னவென்று கண்டுபிடிக்காமல் மெஷின் முன் உட்கார்ந்தால், வேலை மறுபடியும் அதே இடத்தில் நிற்கும். ஆகவே முதல் இரண்டு படிகளில் தையலே கிடையாது.

படி 1: பிரித்துப் பாருங்கள், தைக்காதீர்கள்

பகல் வெளிச்சத்தில், சுத்தமான விரிப்பின் மேல் எல்லாவற்றையும் பரப்புங்கள். ஊசி, குண்டூசி, ஊக்கு என்று உலோகம் எதுவும் துணியில் இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துருக்கறை இருந்தால் அதில் பிளீச் போடவே போடாதீர்கள். குளோரின் பிளீச் துருவை இன்னும் அழுத்தமாக்கிவிடும்.

பூஞ்சை வாடை அடித்தால் நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். கஞ்சி போட்ட துணியாக இருந்தால் ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள் இருக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தெரியும். துண்டுகளைத் துவைக்கும் ஆசை வரும். பொறுங்கள். ஓரம் தைக்காத துண்டுகள் தண்ணீரில் அலசினாலே பிரிபிரியாக நூல் விட்டு, தையலுக்கு விட்ட ஓரத்தையே தின்றுவிடும். துவைப்பதை முழுப் போர்வையும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, இஸ்திரி போடும் முன் அடையாளக் கோடுகளைப் பாருங்கள். தண்ணீரில் அழியும் நீல மார்க்கரால் வரைந்திருந்தால், சூடு பட்டதும் அந்தக் கோடு துணியில் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி முதலில் கோட்டை எடுங்கள், காய்ந்த பிறகே இஸ்திரி. சூட்டில் மறையும் பேனாவின் குணம் நேர் எதிர். அந்தக் கோடு இஸ்திரியில் மறைந்துவிடும், கடும் குளிரில் மறுபடி தலைகாட்டலாம்.

பிறகு மூன்று சோதனைகள். ஒரு துண்டை இரு கையாலும் பிடித்து, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மெல்ல இழுங்கள். இழை அறுபடும் சத்தம் கேட்டால் அந்தத் துணி போர்வைக்குத் தாங்காது. பழைய நூல்கண்டிலிருந்து ஒரு முழம் எடுத்து வெடுக்கென்று இழுங்கள். சட்டென்று அறுந்தால் அந்தக் கண்டை ஒதுக்குங்கள். அதே நூலால் தைத்த பழைய தையல்களையும் விரலால் நெம்பிப் பாருங்கள்; பிளந்துகொண்டால் குறித்து வையுங்கள், தைக்க உட்காரும்போது அதே கோட்டின் மேல் புது நூலால் இன்னொரு முறை ஓட்டிவிடலாம். கடைசியாக, சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் அதை வைப்பதா என்று இப்போதே யோசிப்பது நல்லது.

பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை கட்டம் முடிந்தது, எத்தனை வெட்டித் தைக்காமல் கிடக்கிறது, மீதித் துணி எவ்வளவு, தையல் ஓரங்களை எந்தப் பக்கம் மடித்து இஸ்திரி போட்டிருக்கிறது, தையல் ஓரத்தின் அகலம் என்ன. இந்தக் கடைசி அளவை எழுதாமல் விடாதீர்கள். அது ஏன் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

படி 2: எங்கே நின்றது, ஏன் நின்றது

கடைசியாகத் தொட்ட துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். காரணம் அதிலேயே இருக்கும்.

என் கதையில், இருபதாவது கட்டத்தின் இரண்டு நட்சத்திர முனைகள் மொட்டையாகப் போயிருந்தன. தையல் முனையை விழுங்கிவிட்டது. அதற்கு முந்தைய நான்கைந்து கட்டங்களைப் பார்த்தால் அவற்றிலும் அதே குறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்திருந்தது. பிரித்துத் தைக்க மனமில்லை, அப்படியே விடவும் மனமில்லை. அதனால் பை மூடியது. பதினோரு வருடமாக 'நேரமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்ததன் உண்மைக் காரணம் அந்த இரண்டு முனைகள்.

உங்களுடையது வேறாக இருக்கலாம். துணி தீர்ந்திருக்கும். ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பத் தைத்து அலுத்திருக்கும். கட்டங்களை எல்லாம் சேர்த்த மேல்துணி முழுதாக முடிந்தும், அவ்வளவு பெரிய போர்வையை மெஷினுக்குள் எப்படி நுழைப்பது என்ற பயத்தில் மடித்து வைத்திருப்பீர்கள். இப்படி நின்ற வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிறங்கள் இப்போது பிடிக்காமல் போயிருக்கலாம். யாருக்காகத் தொடங்கினீர்களோ அவர் இப்போது இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அவசரப்பட வேண்டாம். அந்தத் துணியைத் தொட மனம் வரும்வரை அது காத்திருக்கட்டும்.

காரணத்தை ஒரே வரியில் தாளின் மேலே எழுதுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்த வரிக்குப் பதிலாக அமைய வேண்டும்.

படி 3: பழைய திட்டத்தை மறுபடி கணக்குப் போடுங்கள்

பல வருடத்துக்கு முன் போட்ட திட்டத்துக்கு நீங்கள் கடன்பட்டவர் இல்லை. ஒரு கட்டத்தைத் தைத்து, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. இருபதாவதை முடித்த பிறகும் பத்துக் கட்டங்கள் பாக்கி, அதாவது 25 மணி நேரம். அதுவும் எனக்கு அலுத்துப்போன அதே கட்டம்.

தாளில் கட்டங்களை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வழி கிடைத்தது. இருபது கட்டங்களை அகலத்தில் நான்கு, நீளத்தில் ஐந்து என்று வைத்து, கட்டங்களுக்கு இடையிலும் சுற்றிலும் 2 அங்குல இடைப்பட்டை வைத்தால் என்ன ஆகும்? அகலம்: நான்கு பன்னிரண்டு 48, ஐந்து பட்டைகளுக்கு 10, மொத்தம் 58. நீளம்: ஐந்து பன்னிரண்டு 60, ஆறு பட்டைகளுக்கு 12, மொத்தம் 72. முப்பது கட்டங்களில் வரவேண்டிய 60-க்கு 72, இருபதிலேயே கிட்டத்தட்ட வந்துவிட்டது! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே கையில் இருக்கும் கட்டங்களோடு நிறுத்தினால் என்ன அளவு வரும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். இடைப்பட்டை, சுற்றிலும் அகலமான கரை, கட்டத்துக்குக் கட்டம் நடுவே வெறும் துணிச் சதுரம் என்று இடத்தை நிரப்ப வழிகள் உண்டு. ஆறே கட்டங்கள்தான் இருக்கின்றன என்றால் அது மடியில் போடும் சின்னப் போர்வையாகட்டும், தலையணை உறைகளாகட்டும்.

துணி தீர்ந்திருந்தால், அதே துணியைத் தேடி அலையாதீர்கள். கிடைத்தாலும் சாயம் ஒரு சாயல் மாறியிருக்கும், உங்கள் துணியும் இதற்குள் கொஞ்சம் வெளுத்திருக்கும். வேறொரு துணியைத் துணிந்து எடுத்து, அதை ஒரே மூலையில் போடாமல் ஐந்தாறு இடங்களில் பரவலாக வையுங்கள். வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். நிறத்தைவிட அதன் அடர்த்திதான் முக்கியம். பழைய துணியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். சாம்பல் நிறம் இரண்டுக்கும் ஒன்றாக வந்தால் அந்தத் துணி பொருந்தும்.

படி 4: பழைய தையலோடு புதிய தையலைச் சேர்த்தல்

பாதியில் நின்ற வேலையில் பலரும் தடுக்கி விழும் இடம் இது.

ஒட்டுவேலையில் தையல் ஓரம் கால் அங்குலம் என்பது பொதுவிதி. இதற்குள் உங்கள் மெஷின் மாறியிருக்கலாம், அழுத்துப் பாதம் மாறியிருக்கலாம், கையும் மாறியிருக்கலாம். ஒவ்வொரு தையலிலும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், இரு பக்கத் துண்டும் சேர்ந்து 1/8 அங்குலம் குறைகிறது. பத்துத் துண்டுகள் கொண்ட வரிசையில் ஒன்பது தையல்கள். மொத்தம் 1 1/8 அங்குலம் காணாமல் போய்விடும். என் முனைகள் மொட்டையானது இப்படித்தான்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்துத் தையுங்கள். இஸ்திரி போட்ட பின் நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் ஓரம் அதிகம். ஊசியை ஒரு புள்ளி நகர்த்தி மறுபடி தைத்துப் பாருங்கள்.

பழைய கட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரித் தவறோடு இருந்தால், புதிய கட்டங்களையும் அதே அளவுக்குத் தையுங்கள். முதல் படியில் எழுதி வைத்த ஓரத்தின் அகலம் இங்கேதான் உதவும். போர்வையில் 12 அங்குலமாக வரும் கட்டம், சுற்றிலும் தையல் ஓரத்தைச் சேர்த்தால் 12 1/2 அங்குலம் இருக்க வேண்டும். எல்லாக் கட்டமும் 12 1/4 அங்குலம் என்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. கெடுப்பது, பாதி 12 1/4 ஆகவும் பாதி 12 1/2 ஆகவும் இருப்பதுதான்.

என்னுடையவை அப்படித்தான் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் அளந்து, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டினேன். 1/8 அங்குல வித்தியாசத்தைப் பட்டையோடு சேர்க்கும்போதே சமாளித்துவிடலாம். நீளம் அதிகமான துணியைக் கீழே வைத்து, இரு முனைகளிலும் நடுவிலும் குண்டூசி குத்தித் தைத்தால், மெஷினின் பல் அந்த அதிகத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். மூன்று கட்டங்கள் மட்டும் மிகச் சிறியவை. எல்லாவற்றையும் அந்த மூன்றின் அளவுக்கு வெட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். நட்சத்திர வேலையில் அது கூடாது. நல்ல கட்டங்களின் முனைகளும் போய்விடும். அந்த மூன்றுக்கும் சுற்றிலும் பின்னணித் துணியில் மெல்லிய பட்டை வைத்துத் தைத்து, பிறகு மற்றவற்றின் அளவுக்கு வெட்டினேன். இப்போது பார்த்தால் எந்த மூன்று என்று எனக்கே தேடித்தான் சொல்ல வேண்டும்.

முக்கோணங்களின் சாய்ந்த ஓரம் இழுத்தால் நீளும். அதன் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளாமல், தூக்கித் தூக்கி வைத்து எடுங்கள். ஸ்டார்ச் தெளித்தால் துணி அடங்கி நிற்கும்.

வேறொருவர் தொடங்கிய வேலை என்றால்

அம்மாவோ பாட்டியோ விட்டுச்சென்ற துண்டுகள் உங்கள் கைக்கு வந்திருக்கலாம். எதையும் தொடும் முன் முன்னும் பின்னும் படம் எடுங்கள். துணி வெட்டும் உருளும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டரை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய துண்டுகள் அட்டை வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டியவை, விளிம்பு கோணலாக இருக்கலாம். பின்பக்கம் பென்சில் கோடு இருந்தால் அதுதான் அவர்களுடைய தையல் கோடு. விளிம்பைப் பார்த்துத் தைக்காமல் கோட்டின் மேல் தையுங்கள். அறுகோணத் துண்டுகளுக்குள் காகிதம் வைத்துத் தைத்திருந்தால், ஆறு பக்கமும் மற்ற துண்டுகளோடு சேர்ந்த பிறகே காகிதத்தை எடுங்கள். எடுத்த காகிதத்தில் கையெழுத்து ஏதாவது இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அவருடைய தையல் கோணலாக இருந்தாலும், தாங்கும் என்றால் பிரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. அந்தக் கோணலில் அவர் கை இருக்கிறது.

படி 5: மேல்துணியைச் சேர்த்தல்

கட்டங்களை வரிசை வரிசையாகச் சேர்த்து, பிறகு வரிசைகளை இணையுங்கள். கரைப்பட்டையில் மட்டும் கவனம் தேவை. நீளமான பட்டையை வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதை வெட்டிவிட்டால் கரை அலை அலையாக நெளியும். போர்வையின் நடுவிலும் இரு ஓரங்களுக்கு அருகிலும் அளந்து, மூன்றின் சராசரிக்குப் பட்டையை வெட்டி, அந்த நீளத்துக்குள் போர்வையை அடக்கித் தையுங்கள்.

படி 6: மூன்று அடுக்கு

மேல்துணி, நடுவில் விரிப்பாக வரும் பஞ்சு, அடியில் அடித்துணி. பஞ்சையும் அன்றே வாங்கி வைத்திருந்தீர்கள் என்றால் அதைப் பிரித்துப் பாருங்கள்; மடிப்பில் கட்டிதட்டியோ மஞ்சளித்தோ போயிருந்தால் புதியது வாங்குங்கள். புதிய பஞ்சையும் முதல் நாள் இரவே விரித்து வைத்தால் மடிப்புச் சுருக்கம் விலகும். பருத்திப் பஞ்சு முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும்.

அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். என் 58-க்கு 72 போர்வைக்கு 66-க்கு 80. துணியின் அகலம் கரை போக 42 அங்குலம் என்றால், ஒட்டு நீளவாக்கில் வந்தால் 80 அங்குலத்தில் இரண்டு துண்டுகள், மொத்தம் 160 அங்குலம் தேவை. ஒட்டைக் குறுக்காகப் போட்டால் 66 அங்குலத்தில் இரண்டு, 132 அங்குலம் போதும். ஏறக்குறைய முக்கால் மீட்டர் மிச்சம்.

அடித்துணியை அதன் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, விறைப்பாக, ஆனால் இழுபடாமல், ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்துங்கள். கையால் தைக்கப் போகிறீர்கள் என்றால் ஊக்குக்குப் பதில் பெரிய பெரிய நூலோட்டம் போடுங்கள். இந்த வேலைக்கு முழங்கால் வலிக்கும், ஒரு மாலை முழுதும் ஆகும். அவசரப்பட்டால் அடித்துணியில் சுருக்கம் விழும். அது தைத்து முடித்துத் திருப்பும்போதுதான் தெரியும்.

படி 7: அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தல்

மெஷினைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன்: இதைத் தைக்காமலும் முடிக்கலாம். தடித்த பருத்தி நூலால் நான்கு முதல் ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, மூன்று அடுக்கையும் ஊடுருவி. காலங்காலமாக வழங்கிவரும் முறை, இரண்டே மாலையில் முடியும். பஞ்சின் உறையில் தையல்களுக்கிடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அச்சிட்டிருக்கும். முடிச்சானாலும் தையலானாலும் அதைத் தாண்டாதீர்கள், தாண்டினால் துவைக்கும்போது பஞ்சு திரளும்.

மெஷினில் தைப்பவர்கள் மூன்று அடுக்கும் சேர்ந்து நகரும்படி வாக்கிங் ஃபுட் என்ற அழுத்துப் பாதத்தை மாட்டிக்கொள்ளுங்கள். 90/14 எண் புதிய ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். முதலில் மீதித் துணியில் சின்னதாக மூன்று அடுக்கு செய்து நூலின் இழுவிசையைச் சரிபாருங்கள். போர்வையின் நடுவில் ஒரு நேர்க்கோடு, பிறகு அதற்கு இணையாக வெளிப்பக்கம் நகர்ந்தபடி அடுத்தடுத்த கோடுகள். போர்வையின் பாரம் தொங்கினால் தையல் கோணும். இடப்பக்கமும் பின்னாலும் மேசையோ நாற்காலியோ போட்டுத் தாங்குங்கள். பார்க்க வேண்டியது ஊசியைச் சுற்றி உள்ள ஒரு சாண் இடத்தை மட்டுமே. அந்த ஒரு சாண் தட்டையாக இருந்தால் போதும்.

நாளின் வேலையை நிறுத்தும் இடத்தையும் தேர்ந்தெடுங்கள். சிக்கலான மூலையில் நிறுத்தாமல், சுலபமான கோட்டின் நடுவில் நிறுத்துங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் துணியோடு வையுங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும். எழும்போது துணியில் ஊசி இருக்கக்கூடாது.

படி 8: ஓரப்பட்டை

மிஞ்சிய பஞ்சையும் அடித்துணியையும் மேல்துணியின் ஓரத்தோடு வெட்டிவிட்டு, அந்த விளிம்பைச் சுற்றிலும் மூடும் பட்டை இது. என் போர்வையின் சுற்றளவு 260 அங்குலம், மூலைகளுக்கும் இணைப்புக்கும் 12, மொத்தம் 272. 42 அங்குல அகலத் துணியில் ஏழு பட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம். அரை மீட்டர் துணி தாராளமாகப் போதும். பட்டைகளைச் சாய்வாக இணைத்தால் இணைப்பு ஓரிடத்தில் தடிக்காது. நீளவாக்கில் இரண்டாக மடித்து, முன்பக்கம் கால் அங்குலத்தில் தையுங்கள். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டையைச் செங்குத்தாக மேலே மடக்கி, மறுபடி கீழே மடித்து அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். மூலை கூராக வரும். பின்பக்கம் மடித்துக் கைத்தையல்.

படி 9: பெயரும் ஆண்டும், பிறகு தண்ணீர்

ஒரு சின்ன வெள்ளைத் துணியில் பெயரும் ஆண்டும் எழுதிப் பின்பக்க மூலையில் தையுங்கள். இருவர் கை பட்ட வேலை என்றால் இரு பெயர்களும் வேண்டும். முதல் துவைப்புக்குக் குளிர்ந்த தண்ணீர் போதும். சாயம் போகும் என்ற சந்தேகம் இருந்தால் சாயத்தை உறிஞ்சும் தாள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரப் போர்வையைக் கொடியில் தொங்கவிட்டால் அதன் பாரத்தில் தையல் இழுபடும். படுக்கையாக விரித்து உலர்த்துங்கள்.

துருக்கோடு விழுந்த முக்கோணத்தை நான் மாற்றவில்லை. இழுத்துப் பார்த்தேன், துணி உறுதியாகவே இருந்தது. அந்தக் கட்டத்தை இடப்பக்கக் கீழ்மூலையில் வைத்து, அதற்கு நேர் பின்னால் பெயர்த்துணியைத் தைத்தேன். மகளின் பெயர், என் பெயர், அதற்குக் கீழே 2013, 2024.